ஒரே தாளத்தில் மின்னும் மரம்

மின்மினிப் பூச்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்து இரவில் வேலியோரம் ஒன்று மின்னும். சற்றுத் தள்ளி இன்னொன்று மின்னும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியாது. அவை தம் மனம் போனபடி விளக்கை ஏற்றி அணைப்பது போலத் தோன்றும்.

ஆனால் ஒரு மரம் முழுவதும் ஆயிரக்கணக்கான மின்மினிகள் அமர்ந்து, எல்லாம் ஒரே கணத்தில் ஒளிர்ந்து, ஒரே கணத்தில் அணைந்தால் எப்படி இருக்கும்? அவற்றுக்குத் தாளம் போட்டுக் காட்டுவது யார்? கல்லூரியில் இருபது ஆண்டுகளாக அலைவுகளைப் பற்றிப் பாடம் நடத்தி வரும் எனக்கு, இக்காட்சியை ஒரு முறையாவது நேரில் காண வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சென்ற கோடை விடுமுறையில் மலேசியாவில் இருக்கும் என் மைத்துனர் வீட்டிற்குக் குடும்பத்துடன் சென்றபோது அது நிறைவேறியது.

சதுப்பு நிலத்தில் ஒரு காலைப்பொழுது

கோலாலம்பூரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவில் கோலசிலாங்கூர் என்ற சிற்றூர் உள்ளது. சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடம் அது. ஆற்று முகத்துவாரத்தை அடுத்து 1987-இல் ஏற்படுத்தப்பட்ட இயற்கைப் பூங்கா ஒன்று இருக்கிறது. காலையில் நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தோம். நான், என் மனைவி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், ஆறாம் வகுப்பு படிக்கும் மகன், மைத்துனர் ஆகிய ஐவர்.

பூங்கா என்றதும் பூச்செடிகளையும் ஊஞ்சலையும் எதிர்பார்த்துவிட்டான் என் மகன். அங்கே இருந்தது சேறு! நீண்ட மண் கரை ஒன்று பூங்காவை இரண்டாகப் பிரிக்கிறது. கரைக்கு இந்தப் பக்கம் கடல்நீர் புகாததால் வளர்ந்துவிட்ட காடு. அந்தப் பக்கம் நாள்தோறும் கடல் ஏறி இறங்கும் சதுப்புநிலக் காடு. நம் பிச்சாவரத்தில் காண்கிறோமே, அதே சுரபுன்னையின் உறவினர்கள்தாம் இங்கும் நிற்கின்றன. சில மரங்கள் கால்களை அகல விரித்து நிற்பது போல வேர்களை ஊன்றியிருக்கின்றன. வேறு சிலவற்றின் வேர்கள் சேற்றிலிருந்து ஆயிரம் பென்சில்களை நட்டுவைத்தாற்போல மேல்நோக்கி நிற்கின்றன. இவை சுவாச வேர்கள். நீர் நிறைந்த சேற்றில் ஆக்சிஜன் கிடைப்பதில்லை. ஆகவே மரம் தன் வேரைக் காற்றுக்கு நீட்டுகிறது.

நாங்கள் சென்றபோது நீர் வற்றியிருந்தது. சேற்றின்மீது மீன்கள் தாவிக்கொண்டிருந்தன. ஈரம் காயாதவரை தோலின் வழியாகவும் காற்றைச் சுவாசிக்க வல்ல மட்ஸ்கிப்பர் மீன்கள் அவை. பக்கத்தில் ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரிதாக இருந்த நண்டுகள், அதைத் தூக்கித் தூக்கி ஆட்டின.

“அப்பா, அது யாரைக் கூப்பிடுகிறது?” என்றான் மகன்.

“பெண் நண்டை. பெரிய கொடுக்கு ஆண் நண்டுக்குத்தான் உண்டு. அது ஆட்டுவது ஒரு சைகை” என்றேன். அன்றிரவு நாங்கள் காணவிருந்ததும் அத்தகைய ஒரு சைகையே. அங்கே கொடுக்குக்குப் பதில் விளக்கு.

பிற்பகலில் பூங்காவை ஒட்டியுள்ள மெலாவத்திக் குன்றில் ஏறினோம். அங்கே ஒரு பழைய கோட்டையின் எச்சங்களும் ஒரு கலங்கரை விளக்கமும் உள்ளன. வெள்ளிச் சாம்பல் நிறக் குரங்குகள் மரங்களில் கூட்டமாக இருந்தன. அவற்றின் குட்டிகளோ பளிச்சென்ற ஆரஞ்சு நிறம்! வளர வளரத்தான் தாயின் நிறம் வருமாம்.

சட்டைப் பையில் ஒரு டார்ச்சு

மாலையில் ஆற்றின் மேல்நோக்கிச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள கம்போங் குவாந்தான் என்ற சிற்றூருக்குப் புறப்பட்டோம். இங்கே ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். என் சட்டைப் பையில் ஒரு சிறிய டார்ச்சு விளக்கு இருந்தது. அதை நான் ஊரிலிருந்தே எடுத்து வந்திருந்தேன்.

காரணம் இதுதான். 1971-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில், நியூகினி நாட்டு மின்மினிகளுக்கு முன் செயற்கை விளக்கைச் சீராக மின்னச் செய்து, அந்தப் பூச்சிகளைத் தம் தாளத்திற்கு ஏற்ப மின்ன வைத்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து, நானும் ஒரு டார்ச்சை விட்டுவிட்டு அழுத்தி ஒரு மரத்தையே என் விரலுக்கு ஆடவைத்துப் பார்க்க வேண்டும் என்று எண்ணியிருந்தேன். குழந்தைகளிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

படகுத்துறையில் ஒரு முதிய மலாய்க்காரர் எங்களைப் படகில் ஏற்றினார். மோட்டார் கிடையாது, துடுப்புதான். ஏறும்போதே அவர் மலாய் மொழியில் ஏதோ சொன்னார்.

“கைப்பேசி விளக்கு, டார்ச்சு எதுவும் போடக் கூடாது என்கிறார் மாப்பிள்ளை. பேச்சும் மெல்ல இருக்க வேண்டுமாம்” என்றார் மைத்துனர்.

என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

இருளில் ஒரு திஸ்ர நடை

நிலா இல்லாத இரவு. முதலில் எதுவும் தெரியவில்லை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் கண் முழுமையாகப் பழக இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும். கண்ணின் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் உள்ளன. அவற்றில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி, வெளிச்சத்தில் சிதைந்து இருளில் மெல்ல மெல்லத் திரும்ப உருவாகிறது. நடுவில் ஒரு முறை பளிச்சென்று விளக்கடித்தால் மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான்.

படகு ஒரு வளைவில் திரும்பியது. ஆற்றோரத்து மரம் ஒன்று முழுவதும் ஒளிர்ந்தது, அணைந்தது, ஒளிர்ந்தது, அணைந்தது. தீபாவளிக்குக் கடைத்தெருவில் போடும் வண்ண விளக்குச் சரத்தை ஒரே பொத்தானால் இயக்குவது போல் இருந்தது. அந்த மரத்தை மலாய் மொழியில் ‘பெரெம்பாங்’ என்கிறார்கள். மின்மினிக்கு அங்கே ‘கெலிப்-கெலிப்’ என்று பெயர். கண்சிமிட்டுவது போன்ற பெயர்! பூச்சியோ ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு வண்டு. டெரோப்டிக்ஸ் டெனர் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். தாளம் தவறாமல் மின்னுபவை ஆண் பூச்சிகள். பெண் பூச்சிகளை அழைக்கவே இந்த ஒளி.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மகள் என் காதருகே மெல்லக் கேட்டாள்:

“அப்பா, டார்ச்சை எடுக்கவில்லையா?”

“வேண்டாம் அம்மா.”

“நீங்கள்தானே சொல்வீர்கள், செய்து பார்க்காமல் எதையும் நம்பாதே என்று?”

எனக்குச் சட்டென்று விடை தோன்றவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஆய்வாளர் செய்தால் சோதனை, நாம் செய்தால் குற்றமா? யோசித்தேன். அந்த ஆய்வாளர்கள் அதை ஒரு சிலமுறை, அளந்து, பதிவு செய்து, உலகிற்கு ஒரு புதிய செய்தியைச் சொல்வதற்காகச் செய்தார்கள். நான் செய்ய நினைத்ததோ ஏற்கெனவே தெரிந்த ஒன்றை வேடிக்கைக்காகத் திரும்பச் செய்வது. இந்த ஆற்றுக்கு இரவுதோறும் படகுகள் வருகின்றன. ஒவ்வொரு படகிலும் என்னைப் போல் ஒருவர் “நான் ஒருவன்தானே” என்று விளக்கடித்தால், சில வாரங்களே வாழும் அந்த ஆண் பூச்சியின் அழைப்பு பெண் பூச்சிக்கு எப்படித் தெரியும்?

நான் பதில் சொல்வதற்குள் எங்களுக்கு முன்னால் சென்ற படகிலிருந்து யாரோ ஒளிப்படம் எடுத்தார்கள். பளிச்! ஒரு கணம் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. கண் தெளிந்தபோது, மரத்தின் அந்தப் பக்கம் மங்கிப்போய், எஞ்சிய பூச்சிகள் ஆளுக்கொரு திசையில் மின்னிக்கொண்டிருந்தன. படகோட்டி துடுப்பை நிறுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை. மெல்ல மெல்லத் தாளம் மீண்டு வரும்வரை காத்திருந்தார்.

“புரிந்தது அப்பா” என்றாள் மகள்.

அப்போது மகன் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். “தகிட, தகிட, தகிட” என்று உதட்டளவில் சொன்னான். “அப்பா, இது திஸ்ர நடை!”

எனக்கு வியப்பாகிவிட்டது. என் கைக்கடிகாரத்தின் முட்கள் இருளில் மங்கலாக ஒளிரக் கூடியவை. விநாடிக்கு ஒரு முறை அவன் முழங்கையில் நான் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் ஒரு ‘தகிட’ சொன்னான். இருபது விநாடி வரை பார்த்தோம். ‘த’, ‘கி’, ‘ட’ ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னல் ஏறக்குறையப் பொருந்தியே வந்தது. அதாவது விநாடிக்குச் சுமார் மூன்று முறை. இந்த வகை மின்மினியைப் பற்றி நூல்கள் கூறுவதும் அதுவே. ஒரு பூச்சியையும் தொந்தரவு செய்யாமல் அளவு எடுத்துவிட்டான் என் மகன்.

கண் இமையா, பூச்சியா?

இக்காட்சியை ஐரோப்பியர்கள் நெடுங்காலம் முன்பே கண்டிருக்கிறார்கள். 1690-இல் சயாம் நாட்டில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ஆற்றில் பயணம் செய்த கெம்ஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைக் குறித்து வைத்தார். ஆனால் நேரில் பார்க்காத பலர் நம்ப மறுத்தனர். 1917-இல் ஃபிலிப் லாரென்ட் என்பவர், பூச்சிகள் ஒன்றுசேர்ந்து மின்னவே இல்லை, பார்ப்பவரின் கண் இமைகள் துடிப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது என்று விளக்கம் தந்தார்!

அவர் சொன்னது சரியா என்று எப்படிச் சோதிப்பது? நாங்கள் ஒரே பார்வையில் இரண்டு மரங்களைப் பார்த்தோம். ஒரு மரம் ஒளிரும்போது மற்றது அணைந்திருந்தது. இமைதான் காரணம் என்றால் இரண்டும் ஒரே சமயத்தில் அல்லவா அணைய வேண்டும்? எனவே தாளம் கண்ணில் இல்லை, மரத்தில்தான் இருக்கிறது.

அடுத்த ஐயம்: கூட்டத்திற்கு ஒரு தலைவன் உண்டா? அமெரிக்க உயிரியலார் ஜான் பக் என்பவரும் அவர் மனைவி எலிசபெத் பக்கும் 1960-களில் தாய்லாந்துக்குச் சென்றனர். மின்மினிகளைப் பிடித்து வந்து, பாங்காக் நகரில் தாங்கள் தங்கியிருந்த விடுதி அறையை இருட்டாக்கி அவற்றைப் பறக்கவிட்டனர். சுவரிலும் கூரையிலும் அமர்ந்த பூச்சிகள் முதலில் தம்போக்கில் மின்னின. சிறிது நேரத்தில் அருகருகே இருந்த இரண்டு ஒன்றுசேர்ந்தன, பிறகு மூன்று. தலைவன் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு பூச்சியும் அக்கம்பக்கத்து ஒளியைப் பார்த்துத் தன் தாளத்தைத் திருத்திக்கொள்கிறது என்பது தெளிவாயிற்று. 1968-இல் அவர்கள் இதைப் பற்றி எழுதினார்கள்.

இரண்டு பானைகளின் கதை

திருத்திக்கொள்வது என்றால் எப்படி? ஒரு கற்பனைச் சோதனை செய்வோம்.

ஒரு பெரிய தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் வழியே ஒரு பானையின் அடியில் நீர் புகுகிறது. தொட்டியின் நீர்மட்டத்திற்கும் பானையின் நீர்மட்டத்திற்கும் உள்ள வேறுபாடுதான் நீரைத் தள்ளுகிறது. ஆகவே பானை காலியாக இருக்கும்போது நீர் வேகமாகப் புகும். நிறைய நிறைய வேகம் குறையும். பானை நிறைந்ததும் வளைகுழாய் வழியே நீர் முழுவதும் ஒரே மூச்சில் கொட்டிவிடும். அதுதான் ‘மின்னல்’. பிறகு மறுபடி நிறையத் தொடங்கும்.

பானை நிறைய 20 குவளை நீரும் 100 விநாடியும் தேவை என்று வைத்துக்கொள்வோம். நான் எடுத்துக்கொண்ட அளவுகளில், முதல் குவளை நீர் புக 2½ விநாடி போதும். கடைசிக் குவளைக்கோ 12 விநாடி ஆகும்.

இப்போது இப்படிப்பட்ட இரண்டு பானைகள். ஒன்று கொட்டும்போது மற்றதில் ஒரு குவளை நீர் சேரும் என்பது விதி. அண்டைப் பூச்சியின் ஒளியைக் கண்டதும் உண்டாகும் தூண்டுதல் இது. முதல் பானையைவிட இரண்டாம் பானை 20 விநாடி பின்தங்கியுள்ளது என்க. முதல் பானை கொட்டுகிறது. இரண்டாம் பானை ஏறக்குறைய நிறையும் நிலையில் இருப்பதால், அந்த ஒரு குவளை அதற்கு 10 விநாடி இலாபம்! சற்று நேரத்தில் அதுவும் கொட்டுகிறது. அப்போது முதல் பானைக்கு ஒரு குவளை கிடைக்கிறது. ஆனால் அது அடிமட்டத்தில் இருக்கிறது. எனவே அதற்கு இலாபம் 3 விநாடிதான். 20 விநாடியாக இருந்த இடைவெளி 13 ஆகிவிட்டது. அடுத்த சுற்றில் அது 3 ஆகும். அதற்கடுத்த சுற்றில் முதல் பானை கொட்டும் அதே கணத்தில், கிடைத்த குவளையால் இரண்டாவதும் நிறைந்து கொட்டிவிடும். பிறகு இரண்டும் பிரிவதே இல்லை.

பின்தங்கியவனுக்கு அதிக உதவி, முந்தியவனுக்குக் குறைந்த உதவி. இந்த ஒரு விதி போதும், ஒற்றுமை தானே வந்துவிடுகிறது! மின்தேக்கியில் மின்னேற்றம் செய்வதும் பானை நிறைவது போன்றதே என்பதை மேல்வகுப்பு மாணவர்கள் கவனிக்க. இரண்டு அல்ல, எத்தனை ‘பானைகள்’ இருந்தாலும் ஏறக்குறைய எந்த நிலையில் தொடங்கினாலும் அவை ஒன்றுசேர்ந்தே தீரும் என்று மிரோலோ, ஸ்ட்ரோகாட்ஸ் என்ற கணித அறிஞர்கள் 1990-இல் நிறுவினார்கள். அதற்கு வழிகாட்டியது 1975-இல் சார்லஸ் பெஸ்கின் என்பவர் உருவாக்கிய மாதிரி. அவர் ஆராய்ந்தது மின்மினியை அன்று, நம் இதயத்தை! இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணுவில் சுமார் பத்தாயிரம் செல்கள் இருக்கின்றன. அவையும் தலைவன் இன்றி ஒன்றாகத் துடிக்கின்றன. அந்த ஆற்றில் நாங்கள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஒவ்வொருவர் மார்புக்குள்ளும் அதே விந்தை நடந்துகொண்டிருந்தது.

உயிருள்ளவற்றுக்கு மட்டும் உரியதும் அன்று இது. 1665-இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ், ஒரே தாங்கியில் தொங்கிய தம் இரண்டு ஊசல் கடிகாரங்கள் சிறிது நேரத்தில் ஒத்திசைந்து ஆடுவதைக் கண்டார். தாங்கியின் நுண்ணிய அதிர்வே அவற்றை இணைத்தது.

சூடில்லாத விளக்கு

மின்மினியின் வயிற்றில் லூசிஃபெரின் என்ற பொருள் உள்ளது. லூசிஃபெரேஸ் என்ற நொதியின் துணையால் அது ஏ.டி.பி., ஆக்சிஜன் ஆகியவற்றோடு வினைபுரியும்போது ஒளி பிறக்கிறது. பழைய இழை பல்பில் மின்னாற்றலின் பெரும்பகுதி வெப்பமாக வீணாகும். ஆகவே தொட்டால் சுடும். மின்மினியின் ஒளியோ குளிர்ந்த ஒளி. நூறு மூலக்கூறுகள் வினைபுரிந்தால் 88 ஒளித்துகள்கள் கிடைக்கும் என்று 1960-இல் கணக்கிட்டிருந்தார்கள். 2008-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நுட்பமாக அளந்தபோது அது 41 என்று தெரிந்தது. பாடநூலில் அச்சான எண்ணும் மறுபடி அளந்து பார்க்க வேண்டியதே!

விளக்கு அணையாதிருக்க

இந்த மின்மினி இன்று உலக அளவில் ‘ஆபத்துக்குள்ளாகக் கூடிய உயிரினம்’ என்ற பட்டியலில் இருக்கிறது. நாம் மரத்தில் காண்பது அதன் வாழ்வின் கடைசிப் பகுதியை மட்டுமே. முட்டையும் புழுவும் இருப்பது கரையோரத்து ஈர மண்ணில். புழுவுக்கு உணவு சிறு நத்தைகள். பெரெம்பாங் மரத்திற்கோ ஆற்று நீரும் கடல் நீரும் அளவாகக் கலந்த தண்ணீர் வேண்டும். கரையைத் திருத்தித் தோட்டம் போட்டால் புழு அழியும். ஆற்று நீரின் வரத்து மாறினால் மரம் வாடும். கரையில் விளக்குகள் பெருகினால் அழைப்பு கேட்கப்படாமல் போகும். மரத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது. மண், நத்தை, நீர், இருள் எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும்.

திரும்பும் வழியில் மைத்துனரிடம் ஒன்று கேட்டேன்: “அந்தப் பெரியவர் நிறுத்தினாரே, கோபமா?”

“நானும் கேட்டேன் மாப்பிள்ளை. ‘கோபித்து என்ன, அவர்களும் அழகாக இருக்கிறது என்றுதானே படம் எடுத்தார்கள்’ என்றார்.”

காரில் மகள் மறுபடி கேட்டாள்: “செய்து பார்க்காமல் நம்பக் கூடாது என்பது அப்போது தப்பா அப்பா?”

“தப்பில்லை. ஆனால் செய்து பார்ப்பதற்கு எப்போதும் கை வைக்க வேண்டும் என்பதில்லை. வானியல் அறிஞர் எந்த நட்சத்திரத்தைத் தொட்டார்? பார்த்தும் எண்ணியும்தானே அத்தனையும் கண்டுபிடித்தார்கள்? தம்பி இன்று ‘தகிட’ போட்டானே, அதுவும் சோதனைதான்” என்றேன்.

தம்பி அதற்குள் தூங்கிவிட்டிருந்தான்.

நீங்கள் செய்து பாருங்கள்: பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தம் விருப்பம்போல் ஒரு சீரான வேகத்தில் கைதட்டத் தொடங்குங்கள். பக்கத்தில் உள்ளவர் உங்களுக்குச் சற்று முன்னே தட்டினால் நீங்கள் அடுத்த முறை சிறிது விரைந்து தட்டுங்கள். யாரும் தாளம் சொல்லித் தரக் கூடாது. எத்தனை விநாடியில் எல்லாக் கைகளும் ஒன்றாகின்றன என்று ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்கட்டும். பிறகு இரண்டு பேருடைய காதைப் பஞ்சால் அடைத்துவிட்டு மீண்டும் செய்யுங்கள். என்ன மாற்றம், ஏன்? விடையை உங்கள் ஆசிரியரோடு கலந்து பேசுங்கள்.